ரெட்ரோஷீட்: ஆட்டத்தை முடித்துவைத்த பிட்சர்களைத் தேடுவோருக்கு

பேஸ்பாலில் எனக்கு மிகவும் பிடித்தது, ஆட்டத்தைத் தொடங்கிய பிட்சரே கடைசி அவுட் வரை நின்று எறிவது. இப்போது அது அபூர்வமாகிவிட்டது. 2024 சீசனில் வட அமெரிக்காவின் உயர்மட்ட பேஸ்பால் லீகான மேஜர் லீகின் 30 அணிகளும் சேர்ந்து, இப்படி ஒரே பிட்சர் முழுக்க எறிந்த ஆட்டம், அதாவது கம்ப்ளீட் கேம், மொத்தமே 28தான். 1975-இல் கேட்ஃபிஷ் ஹன்டர் என்ற பிட்சர் ஒருவரே 30 முடித்தார். அதனால் என்னைப் போன்றவர்களுக்குப் பழைய ஆட்டங்கள்தான் கதி. அவற்றைத் தேடிப் படிக்க ரெட்ரோஷீட் இணையதளத்தைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

டெலவேர் பல்கலைக்கழக உயிரியல் பேராசிரியர் டேவிட் ஸ்மித் 1989-இல் தொடங்கியது இது. பழைய ஸ்கோர் தாள்களைத் தேடிப்பிடித்துத் தன்னார்வலர்கள் கணினியில் ஏற்றுகிறார்கள். நமக்குக் காசு செலவில்லை. பக்கங்களில் அலங்காரம் எதுவும் கிடையாது, எழுத்தும் எண்ணும் மட்டும்தான். ரொம்பப் பழைய ஆட்டங்கள் பலவற்றுக்குப் பேட்டர் வாரியான விவரம் கிடைக்காது, ஆட்டத்தின் சுருக்க அட்டவணையான பாக்ஸ் ஸ்கோரோடு திருப்திப்பட வேண்டும்.

ஆனால் அந்த பாக்ஸ் ஸ்கோரே எவ்வளவு சொல்கிறது! 1920 மே 1, பாஸ்டன் பிரேவ்ஸும் புரூக்ளினும் ஆடிய ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புரூக்ளின் 5-ஆவது இன்னிங்ஸில் ஒரு ரன், பாஸ்டன் 6-ஆவதில் ஒரு ரன். அதற்கப்புறம் இரண்டு வரிசையிலும் சைபர், சைபர், வழக்கமான ஒன்பது இன்னிங்ஸைத் தாண்டி 26-ஆவது இன்னிங்ஸ் வரை சைபர். இருட்டிவிட்டதால் 1-1 என்று சமனில் நிறுத்தினார்கள். கீழே பிட்சர் பட்டியலில் அணிக்கு ஒரே ஒரு பெயர்: லியோன் கடோர், ஜோ ஓஷ்கர். இருவருக்கும் நேரே 26 இன்னிங்ஸ். இன்றைய ஆட்டத்தில் அதே இடத்தில் நாலைந்து பெயர் இருக்கும்.

1963 ஜூலை 2 ஆட்டத்தையும் விடாதீர்கள். சான்ஃபிரான்சிஸ்கோவில் 25 வயது ஹுவான் மரிஷாலும் 42 வயது வாரன் ஸ்பானும் மாறி மாறி எறிகிறார்கள், 15 இன்னிங்ஸ் முடிந்தும் 0-0. பதினாறாவதில் மரிஷால் அணியின் ஹார்வி குவென் அவுட், அடுத்து அதே அணியின் வில்லி மேஸ் ஹோம் ரன். 1-0. தோற்ற ஸ்பான் கணக்கிலும் கம்ப்ளீட் கேம் ஏறுகிறது, அதுதான் நியாயம். பழைய காலத்து பிட்சர் சை யங் 749 ஆட்டங்களை முடித்தார் என்பது எல்லாருக்கும் தெரிந்த எண். ஆனால் களைத்த கை எந்த பேட்டரை எப்படிச் சமாளித்தது என்பதை இப்படி ஒவ்வோர் இன்னிங்ஸாகப் படித்தால்தான் உணர முடிகிறது. ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் தருகிறேன்.

புதிதாக வருபவர்கள் 1991 அக்டோபர் 27-இலிருந்து தொடங்குங்கள். சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம், மினசோட்டாவுக்கு எறிபவர் ஜாக் மோரிஸ். எட்டாவது இன்னிங்ஸை நிதானமாகப் படியுங்கள். ஸ்கோர் 0-0, இரண்டாவது, மூன்றாவது பேஸ்களில் அட்லாண்டா ஆட்கள், ஒரு அவுட்கூட ஆகவில்லை. மோரிஸ் ரன் கொடுக்காமல் அதைத் தாண்டினார். பிறகு ஒன்பதாவதும் எறிந்தார், பத்தாவதும் எறிந்தார். 1-0 என்று மினசோட்டா கோப்பையை வென்றது.