நெல் கணக்குக்கு அக்செஸ் படிவம் எப்படி?

கிளிநொச்சியில் ஒரு நெல் ஆலையின் கணக்கை நான்தான் பார்க்கிறேன், மைக்ரோசொஃப்ட் அக்செஸ் என்ற தரவுத்தள மென்பொருளைப் பாவித்து மூன்று காலபோகம் முடிந்துவிட்டது. முதலில் ஒரு நேரத்தில் ஒரு பதிவு மட்டும் காட்டும் படிவம்தான் வைத்திருந்தேன், ஆனால் இரணைமடுப் பக்கமிருந்து உழவு இயந்திரங்கள் மூடைகளோடு வரிசைகட்டி நிற்கும்போது அம்புக்குறியைத் தட்டித் தட்டி ஆளைத் தேடுவது சரிவராது. படிவத்தின் டிஃபோல்ட் வியூ என்ற அமைப்பை, பதிவுகளை வரிவரியாகக் காட்டும் கண்டினியூவஸ் ஃபோம்ஸ் என்று மாற்றினேன், எல்லாரும் ஒரே திரையில் வந்துவிட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது கண்டிஷனல் ஃபோமட்டிங், அதாவது நாம் வைக்கும் விதிப்படி பெட்டியின் நிறத்தை மாற்றும் வசதி. நெல்லின் ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு மேலே போனால் அந்த வரியின் பெட்டி மட்டும் சிவப்பாகிவிடும். இதையே கோட் எழுதி நிறம் மாற்றப் போய் இரண்டு இரவு வீணானது, ஏனென்றால் அந்தப் படிவத்தில் கோட்டில் மாற்றும் நிறம் எல்லா வரிக்கும் சேர்த்தே விழும். 2010 பதிப்பிலிருந்து ஒரு பெட்டிக்கு 50 விதிகள் வரை வைக்கலாம், முன்பு மூன்றுதான்.

தமிழில் பெயர் பதிபவர்கள் பெட்டியின் உயரத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள், இல்லாவிட்டால் கூ, மு எல்லாம் கீழே வெட்டுப்பட்டு நிற்கும். பெட்டியைத் தானாக உயரமாக்கும் கேன் குரோ அமைப்பு இதற்கு உதவாது, அது அச்சிடும்போது மட்டும்தான் வேலை செய்யும்.

பட்டியலும் முழு விவரமும் ஒன்றாக வேண்டுமென்றால் ஸ்பிளிட் ஃபோம், 2007இலிருந்து இருக்கிறது. விண்டோஸ் கணினி கட்டாயம் வேண்டும், மேக்கில் அக்செஸ் இல்லை.