அம்மாவின் படங்களை மீட்டுத் தருகிறோம் என்ற கடையில் 18,500 ரூபா கொடுத்து ஏமாந்தேன்

நேற்றுப் பின்னேரம் லெப்டொப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு கொட்டகலை பஸ்ஸில் ஏறியதிலிருந்து ஆத்திரம் அடங்கவில்லை. 18,500 ரூபா போய்விட்டது. கடையின் பெயரைப் போடவில்லை. ஹட்டனில் போன், லெப்டொப் திருத்தும் கடைகளில் ஒன்று, அவ்வளவுதான்.

அம்மா இருந்த கடைசி மூன்று வருடப் படங்கள் டி டிரைவில் ஒரே ஃபோல்டரில் இருந்தன. வீட்டுப் பிள்ளைகள் நோண்டுவார்கள் என்று, விண்டோஸிலேயே இருக்கிற, பைல்களைப் பூட்டி வைக்கிற என்கிரிப்ட் வசதிக்கு டிக் போட்டு வைத்திருந்தேன். அந்தப் பூட்டைத் திறக்கிற சாவியை, அதாவது சர்டிஃபிகேட் என்கிற சின்ன பைலை, வேறிடத்தில் எடுத்து வைக்கச் சொல்லி அப்போதே செய்தி வந்தது. மூடிவிட்டேன். அது என் பிழைதான்.

போன மாதம் லெப்டொப் ஊர்ந்து ஊர்ந்து போகிறதென்று சித்தப்பா மகன் விண்டோஸைப் புதிதாகப் போட்டுத் தந்தான். அப்புறம் பார்த்தால் படங்கள் எல்லாம் இருக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு குட்டிப் பூட்டு. பழைய யூசர் பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே வைத்தும் திறக்கவில்லை. "அம்மா தீபாவளி" என்று நான் பெயர் வைத்த படம் கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது, முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கடைக்காரர் கதிரை போட்டு, பிளேன்டீ வரவழைத்து, எந்தத் தோட்டம் என்று கேட்டார். சொன்னேன். "அட, எங்க மாமி வீடு மேல் டிவிஷன்லதானே!" அந்த இடத்தில்தான் விழுந்தேன்.

"உண்மையா எடுக்கலாமா அண்ணே?"

"பைல் யார் பேரில இருக்குங்கிற ஓனர்ஷிப்பை மாத்தினா திறந்திடும் தங்கச்சி. தினம் செய்யிற வேலை."

முழுக் காசையும் முன்னாலேயே வாங்கிக்கொண்டார். துண்டில் "டேட்டா ரிகவரி 18,500" என்று மட்டும் எழுதினார். எடுக்க முடியாவிட்டால் காசு என்ன ஆகும் என்று நானும் கேட்கவில்லை. அக்கா இரண்டு கிழமை மலைக்குப் போய் உழைக்கிற காசு அது.

பிறகு ஆரம்பித்தது அலைச்சல். "சொஃப்ட்வேர் ஓடுது, நாளைக்கு வாங்க." "கொழும்புக்கு அனுப்பியிருக்கு." "வேலை செய்யிற தம்பி லீவு." நாலு தரம் மழையில் போய் வந்தேன். கோல் எடுத்தால் கட் பண்ணுவார். கடைசியில் லெப்டொப்பை மேசையில் வைத்து, "பைல் கரப்ட் ஆகிட்டு மிஸ்" என்றார். தங்கச்சி எப்போது மிஸ் ஆனேனோ தெரியவில்லை. காசைக் கேட்டதற்கு, "வேலை செஞ்சோம்தானே" என்று அடுத்த ஆளின் போனைக் கழற்றத் தொடங்கினார்.

இரவு எங்கள் பள்ளிக்கூட ஐ.சி.டி. சேருக்குப் பேசினேன். அவர் முதலில் கேட்டது, "சி டிரைவில் விண்டோஸ் ஓல்ட் என்று ஒரு ஃபோல்டர் இருந்ததா?" இருந்தது, நானே பார்த்தேன். சித்தப்பா மகன் சி டிரைவை ஃபோர்மட் பண்ணி அழிக்காமல்தான் போட்டிருந்தான், அதனால் பழைய விண்டோஸ் அந்த ஃபோல்டருக்குள் அப்படியே இருந்தது. பூட்டின சாவி அதற்குள்ளே என் பழைய யூசர் ஃபோல்டரில்தான் இருக்குமாம். பழைய பாஸ்வேர்ட் தெரிந்தால் அதை வைத்து முயற்சி செய்யலாமாம். ஓனர்ஷிப்பை மாற்றினால் அனுமதி மாறுமே தவிர பூட்டு கழறாதாம். இப்போது அந்த ஃபோல்டரே இல்லை. கடைக்காரர் சி டிரைவை ஃபோர்மட் பண்ணி இன்னொரு முறை விண்டோஸ் போட்டிருக்கிறார். 18,500 ரூபா வாங்கி, இருந்த ஒரே சாவியையும் அழித்துத் தந்திருக்கிறார்.

என்ன செய்ய வேண்டும் என்று விளக்கமாக எழுத நினைத்தேன், இப்போது மனசு வரவில்லை. என்கிரிப்ட் பண்ணினால் அன்றைக்கே சர்டிஃபிகேட்டை பாஸ்வேர்ட் போட்டு ஒரு பென்டிரைவில் எடுத்து வையுங்கள். விண்டோஸ் மாற்றிய பிறகு பைல் திறக்காவிட்டால் லெப்டொப்பில் எதையும் அழிக்காதீர்கள், யாரையும் ஃபோர்மட் பண்ண விடாதீர்கள். டிரைவ் முழுவதையும் பூட்டுகிற பிட்லொக்கர் போட்டவர்கள் அதைத் திறக்கிற 48 இலக்க ரிகவரி சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். முழுக் காசையும் முன்னால் கொடுக்காதீர்கள், எந்தத் தோட்டம் என்று யார் கேட்டாலும் சரி.

நாளைக் காலையில் நுகர்வோர் அதிகார சபைக்கு, 1977 என்ற நம்பருக்கு, கோல் எடுக்கப் போகிறேன். துண்டு கையில் இருக்கிறது.