வங்கி கைவிரித்த பிறகு: வீடு வாங்க மிச்சமிருக்கும் வழிகள்

நாகர்கோவிலில் ஒரு வங்கிக் கிளை, வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று மணி. மேலாளர் என் ஃபைலை மேசையின் இந்தப் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, "சார், மேலே இருந்து வேண்டாம்னு வந்துட்டு" என்றார். தக்கலைப் பக்கம் ஏழு சென்டில் ஒரு வீடு. விலை 38 லட்சம், நான் கேட்ட கடன் 25 லட்சம். வீட்டுக்காரருக்கு மூன்று லட்சம் அச்சாரம் கொடுத்து, மூன்று மாதக் கெடுவில் உடன்படிக்கையும் பதிந்தாயிற்று. அதில் ஐந்து வாரம் ஏற்கெனவே ஓடியிருந்தது.

அன்று ராத்திரி வீட்டில் ஆளுக்கொரு யோசனை. "நாளைக்கே வேற பேங்க்ல கொண்டு போடும்" என்றார் மாமா. கருங்கலில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் மச்சினன், "ஹவுசிங் ஃபைனான்ஸுக்கு வாங்க அத்தான், நாலு நாள்ல கிடைக்கும்" என்றான். அம்மா எதுவும் சொல்லாமல் நகைப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். எனக்கு முன்பே மச்சினனுக்கும், சித்தப்பா மகளுக்கும் இதேபோல கடன் மறுக்கப்பட்டிருந்தது. மூன்று பேரும் மூன்று வழியில் போனோம். அதனால் எந்த வழி யாருக்கு என்று கொஞ்சம் தைரியமாகச் சொல்ல முடிகிறது.

எந்த வழிக்குப் போகுமுன்னும் ஒரு வேலை இருக்கிறது: மறுத்த காரணத்தை எழுத்தில் வாங்குவது. கிளையில் வாயால் சொல்லி அனுப்பவே பார்ப்பார்கள். ஆனால் கடனை மறுத்தால் முக்கியக் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மறுத்ததை எதிர்த்துக் குறைதீர்ப்பாளரிடம் போய்ப் பயனில்லை. கடன் கொடுப்பதும் கொடுக்காததும் வங்கியின் வணிக முடிவு என்று திருப்பி விடுவார்கள். காரணத்தைக் கேட்பது சண்டை போடுவதற்காக இல்லை. குறை ஆளிடமா, பத்திரத்திலா, வீட்டின் மதிப்பிலா என்று தெரிந்தால்தான் மாமா சொன்னது சரியா மச்சினன் சொன்னது சரியா என்று பார்க்கவே முடியும்.

வேறு வங்கியா, அதே வங்கியா

என் விஷயத்தில் குறை என் மேல்தான். தம்பியின் இன்ஜினியரிங் படிப்புக்கு வாங்கிய கல்விக் கடனில் நானும் கையெழுத்துப் போட்டிருந்தேன். அவன் வேலை மாறிய சமயத்தில் சில தவணைகள் நின்றுபோய், 42,000 ரூபாய் பாக்கி. அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நம் குமரி மாவட்டத்தில் பிள்ளையை இன்ஜினியரிங்குக்கோ நர்சிங்குக்கோ அனுப்பாத வீடு குறைவு. அந்தக் கடன்களில் அண்ணன், மாமா என்று யார் யாரோ கையெழுத்துப் போட்டுவிட்டு மறந்திருப்பார்கள். அந்தப் பாக்கி, நம் கடன் வரலாற்றைச் சொல்லும் சிபில் அறிக்கையிலும் வந்து நிற்கும்.

மாமா சொன்னபடி மறுநாளே வேறு வங்கிக்குப் போயிருந்தால், அவர்களும் இதே அறிக்கையைத்தான் எடுத்திருப்பார்கள். கடனுக்காக ஒவ்வொரு வங்கியும் எடுத்துப் பார்ப்பது அறிக்கையில் பதிவாகும். ஒரே மாதத்தில் நாலைந்து பேர் பார்த்திருந்தால், பணத்துக்கு அலைகிற ஆள் என்ற எண்ணம் வரும், மதிப்பெண்ணும் இறங்கும். வேறு வங்கி நல்ல வழியாவது ஒரு சந்தர்ப்பத்தில்தான்: நம்மிடம் குறை இல்லாமல், அந்த வங்கியின் கணக்கு மட்டும் நமக்கு ஒத்துவராதபோது. சம்பளத்தில் இத்தனை சதவீதத்துக்கு மேல் தவணை போகக் கூடாது, இத்தனை வயதுக்குள் கடன் முடிய வேண்டும் என்று ஒவ்வொரு வங்கிக்கும் ஒரு கணக்கு. அதில் தட்டியிருந்தால் தாராளமாக அடுத்த வாசலைத் தட்டலாம்.

எனக்கு அதே வங்கிதான் சரி என்று பட்டது. என் ஃபைல் அங்கே இருந்தது, வக்கீல் பார்வையும் முடிந்திருந்தது. பாக்கியைக் கட்டி, கணக்கு ஒழுங்காகிவிட்டது என்று கல்விக் கடன் கொடுத்த கிளையில் கடிதம் வாங்கினேன். வங்கிகள் பதினைந்து நாளுக்கு ஒருமுறை தகவல் அனுப்ப வேண்டும் என்ற விதி 2025 ஜனவரியில் வந்ததால் முன்பைவிட வேகமாகவே அறிக்கையில் ஏறுகிறது. ஆனால் பழைய தாமதம் மறைந்துவிடாது, மூன்று வருடத் தவணை வரலாறு கூடவே வரும். பாக்கியே நமதில்லை, தவறாக ஏறியிருக்கிறது என்றால் கதை வேறு. நாம் புகார் கொடுத்தால் அவர்கள் 30 நாளில் திருத்த வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நமக்கு நஷ்டஈடு. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்ற நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தரும். அச்சாரம் கொடுப்பதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டிய காகிதம் அது. நான் பார்க்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. பாக்கியைப் பேசிக் குறைத்து முடித்தால் அறிக்கையில் 'செட்டில்டு' என்று விழும். முழுவதும் அடைத்தால் 'குளோஸ்டு'. சில ஆயிரம் மிச்சம் பிடிக்கப் போய் முதல் வார்த்தையை வாங்கிக்கொண்டவர்களை அடுத்த வங்கியும் சந்தேகமாகத்தான் பார்க்கிறது.

வங்கியா, ஹவுசிங் ஃபைனான்ஸா

மச்சினன் குவைத்திலிருந்து திரும்பி வந்து கடை போட்டவன். வியாபாரம் நன்றாகத்தான் நடந்தது, ஆனால் வருமான வரிக் கணக்கு ஒரே ஒரு வருடத்துக்குத்தான் இருந்தது. வங்கி இரண்டு மூன்று வருடக் கணக்கு கேட்டது. அவனிடம் கடை நிறைய கம்பியும் பெயின்ட்டும் இருந்தன, காகிதம் இல்லை. ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனியிலிருந்து வந்த பையன் ஒரு பகல் முழுக்கக் கல்லாப் பக்கத்தில் உட்கார்ந்து, கொள்முதல் பில்களைப் புரட்டி, எதிர்க் கடைக்காரரிடம் பேச்சுக் கொடுத்து, வருமானத்தை அவனாகவே கணக்குப் போட்டுக்கொண்டான். வள்ளம் வைத்திருப்பவர், ரப்பர் பால் எடுப்பவர், தையல் கடைக்காரர் என்று கையில் காசு புழங்கி காகிதத்தில் புழங்காதவர்களுக்கு இந்தக் கம்பெனிகள் உண்மையிலேயே உதவுகின்றன.

அதற்கு விலை வட்டி. கணக்குக்காக 25 லட்சம், 20 வருடம் என்று வைத்துக்கொள்வோம். எட்டரை சதவீதத்தில் மாதத் தவணை 21,696 ரூபாய். பன்னிரண்டு சதவீதத்தில் 27,527. மாதம் 5,831 ரூபாய் கூடுதல். இருபது வருடமும் அப்படியே போனால் ஏறக்குறைய 14 லட்சம். முதல் வருடத்தைப் பார்த்தால் இன்னும் உறைக்கும். பன்னிரண்டு சதவீதத்தில் வருடம் முழுவதும் கட்டும் 3,30,000 ரூபாயில் அசலில் கழிவது 32,000 சொச்சம்தான்.

"இரண்டு வருஷத்தில் வங்கிக்கு மாற்றிவிடுவேன்" என்பது மச்சினன் திட்டம். அதில் தவறில்லை. தனிநபர் வீட்டுக் கடன் மாறும் வட்டியில் இருந்தால் முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் வாங்கக் கூடாது. ஆனால் மாற்றும்போது புது வங்கியின் பரிசீலனைக் கட்டணம், வக்கீல் ஃபீஸ், இன்ஜினியர் ஃபீஸ், சார் பதிவாளர் அலுவலகத்தில் மறுபடியும் எம்.ஓ.டி. (மூலப் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்ததற்கான ஆவணம்) பதிவு என்று செலவு இருக்கிறது. கையெழுத்துப் போடும்போது இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். நிலையான வட்டி என்று எங்காவது இருக்கிறதா? காப்பீட்டுப் பிரீமியத்தைக் கடனோடு சேர்த்திருக்கிறார்களா? மச்சினனுக்கு இரண்டாவது நடந்தது. கேட்ட பிறகு நீக்கினார்கள்.

என் தீர்ப்பு: வருமானம் இருந்து காகிதம் இல்லாதவருக்கு ஹவுசிங் ஃபைனான்ஸ் வங்கியைவிட நல்லது, ஆனால் முதல் நாளிலிருந்தே வரிக் கணக்கை ஒழுங்காகப் போட வேண்டும். என்னைப் போலப் பாக்கியில் மாட்டிய சம்பளக்காரருக்கு மூன்று நாலு மாதம் பொறுப்பதே லாபம்.

குறை பத்திரத்தில் இருந்தால்

நம் மாவட்டத்துக்கே உரிய தலைவலி இங்கேதான். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்-கொச்சிக்காரர்கள். ஊர்ப் பெரியவர்கள் பிரமாணம் என்று சொல்லும் பழைய பத்திரங்களில் பல மலையாளத்தில் இருக்கும். கொல்லம் ஆண்டு 1110 என்று போட்டிருந்தால் 825-ஐக் கூட்டி 1935 வாக்கில் என்று நாமே புரிந்துகொள்ள வேண்டும். வங்கி வக்கீல் மொழிபெயர்ப்பு கேட்பார், பழைய சர்வே எண்ணும் ரீ-சர்வே எண்ணும் ஒன்றுதான் என்பதற்கு ஆதாரம் கேட்பார், கணினிக்கு முந்தைய காலத்துக்குக் கையால் எழுதிய வில்லங்கச் சான்று கேட்பார். இதற்காக மறுக்கப்பட்டால் பயப்பட வேண்டியதில்லை. இரண்டு மூன்று மாத அலைச்சல், அவ்வளவுதான்.

சித்தப்பா மகளுக்கு நடந்தது அப்படியில்லை. திருவட்டாறு பக்கம் ஒரு விளைக்குள் பத்து சென்டும் வீடும். தென்னையும் பலாவும் சுற்றி நிற்க, பார்த்த உடனே பிடித்துவிடும். ரோட்டிலிருந்து கேட் வரை அறுபது அடி. வங்கி இன்ஜினியர் டேப்பைப் பிடித்து அகலத்தை அளந்தார்: மூன்றடி. பத்திரத்தில் 'தெற்கே நடைவழி' என்று ஒரே வரி. யார் நிலத்தில், எத்தனை அடி என்று ஒன்றுமில்லை. வாகனம் போக உரிமையுள்ள வழி இல்லை என்று அவர் எழுதிய ஒரு வரியில் கடன் நின்றுவிட்டது. வழித் தகராறுக்காகக் கோர்ட் ஏறிய குடும்பங்களை நமக்கெல்லாம் தெரியும், வங்கிக்கும் தெரியும்.

இங்கே அவளுக்கு மூன்று வழி இருந்தது. ஒரு ஏஜென்ட், 13 சதவீத வட்டியில் இதே பத்திரத்துக்குக் கடன் வாங்கித் தருவதாகச் சொன்னார். இன்னொன்று, வீட்டையே விட்டுவிடுவது. மூன்றாவது, விற்பவரையே குறையைத் தீர்க்கச் சொல்வது. முதல் வழிக்கு அவள் பாதி மனசாகிவிட்டாள். சித்தப்பாதான் திண்ணையில் உட்கார்ந்தபடி, "மக்கா, வட்டி கூடக் குடுத்தா வழி அகலமாவுமா?" என்று கேட்டார். எனக்கும் அதே கட்சிதான். ஆளிடம் குறை இருந்தால் கூடுதல் வட்டி கொடுத்துச் சமாளிக்கலாம், சம்பளம் உயரும், மதிப்பெண் ஏறும். பத்திரக் குறை அப்படியே நிற்கும். நாளைக்கு நாம் விற்கப் போனால் வாங்க வருகிறவரின் வங்கியும் இதையேதான் சொல்லும்.

அவள் மூன்றாவது வழியில் போனாள். பக்கத்து விளைக்காரர் பத்தடி வழி கொடுக்க ஒன்றரை லட்சம் கேட்டார். விற்பவர் விலையில் அதைக் கழித்துக்கொள்ளச் சம்மதித்து, வழி உரிமையைப் பத்திரமாகவே பதிந்தார்கள். நாலு மாதம் ஆனது. முதலில் மறுத்த அதே வங்கிதான் பிறகு கடன் கொடுத்தது. எல்லாப் பத்திரக் குறையும் இப்படித் தீராது. அங்கீகாரமில்லாத மனை, மலைப்பகுதிக் கட்டுப்பாட்டில் வரும் கிராமம், கடலோர ஒழுங்குமுறை எல்லைக்குள் நிற்கும் வீடு என்றால் அச்சாரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வருவதே நல்லது.

மதிப்புக் குறைவு மூன்றாவது வகை. 30 லட்சம் வரையான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம், 75 லட்சம் வரை 80 சதவீதம் என்பது ரிசர்வ் வங்கி போட்ட மேல்வரம்பு. ஆனால் அது இன்ஜினியர் போடும் மதிப்பில். நாம் பேசிய விலையில் கணக்கு வராது. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வீடென்றால் பத்திரச் செலவும் அதில் சேராது. தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 9 சதவீதம் தனியாகக் கையில் வேண்டும். பழைய ஓட்டு வீட்டுக்குப் பெரும்பாலும் நிலத்தின் மதிப்புதான் கிடைக்கும். இதற்கு நல்ல மருந்து மனைவியையோ கூடப்பிறந்தவரையோ சேர்ப்பது என்று பலர் சொல்கிறார்கள். தவறு. கூட்டு விண்ணப்பதாரர் வருமானக் குறைக்குத்தான் உதவுவார், மதிப்புக் குறைக்கு உதவ மாட்டார்.

நகை, சீட்டு, கைமாற்று

நகைக் கடனுக்கு ஆவணத் தொல்லை இல்லை, ஒரு மணி நேரத்தில் கையில் பணம். ஆனால் அசலும் வட்டியும் கடைசியில் சேர்த்துக் கட்டும் வகையென்றால் பன்னிரண்டு மாதக் கெடு. இருபது வருடக் கடனை நகையால் ஈடு செய்ய நினைத்தால் வருடா வருடம் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு மூன்று லட்சம் துண்டு விழுந்தால் நிரப்ப மட்டும் நல்லது. சீட்டு, பதிவு பெற்றதாக இருந்து முன்பே கட்டிக்கொண்டிருந்தால் சரி; கடன் மறுத்த பிறகு புதிதாகச் சேர்ந்து முதல் மாதமே தள்ளி எடுப்பது நஷ்டம். கந்து வட்டியைப் பற்றிப் பேசவே வேண்டாம். குடும்ப நிலத்தை அடமானம் வைப்பதென்றால் வட்டி வீட்டுக் கடனைவிடக் கூடுதலாக இருக்கும். கூடப்பிறந்தவர்கள் கையெழுத்தும் வேண்டும். அந்தக் கையெழுத்தைக் கேட்கப் போகும் சங்கடத்தை எந்த வட்டிக் கணக்கிலும் சேர்க்க முடியாது.

வீட்டுக்காரரிடம் போனது

கெடு முடிய ஏழு வாரம் இருக்கும்போது வீட்டுக்காரரிடம் நேரில் போனேன். மறைத்து வைத்துக் கடைசி வாரத்தில் சொல்லியிருந்தால் அச்சாரம் போயிருக்கும். அவர் மகளுக்குக் கல்யாணம் ஆறு மாதத்துக்குப் பிறகுதான். ஐம்பதாயிரம் கூடுதல் முன்பணம், இரண்டு மாத நீட்டிப்பு என்று முடிந்தது. தமிழ்நாட்டில் கிரய உடன்படிக்கையைப் பதிய வேண்டும் என்பதால் நீட்டிப்பையும் அப்படியே பதிந்தோம். இந்த முறை, கடன் கிடைக்காவிட்டால் அச்சாரத்தில் எவ்வளவு திரும்பும் என்று ஒரு வரி சேர்த்தோம். முதல் உடன்படிக்கையில் அது இல்லை.

வங்கி இரண்டாம் முறை 22 லட்சம் கொடுத்தது. குறைந்த மூன்று லட்சத்துக்கு அம்மாவின் நகை கூட்டுறவு வங்கிக்குப் போனது, அம்மா பெயரிலேயே. என் பெயரில் வைத்திருந்தால் அந்தக் கடனும் என் அறிக்கையில் ஏறி 22 இன்னும் குறைந்திருக்கும். அடகுச் சீட்டு என் மணிபர்சில் இருக்கிறது. திருப்ப வேண்டிய நாள் அடுத்த மார்ச் 14.