சிட்டுக்குருவிப் பெட்டி: எனக்குச் சுமார், குருவிக்குத் திருப்தி

மூலைகளில் பிசிறு, பெயின்ட் கிடையாது, படத்தில் பார்த்ததைவிட அழகு குறைவுதான். இருந்தாலும் ஐந்துக்கு நான்கு ஸ்டார். மேற்கு மாம்பலத்தில் எங்கள் முதல் மாடி பால்கனிச் சுவரில் மாட்டிய இந்தப் பெட்டியில் ஒரு ஜோடி சிட்டுக்குருவி குஞ்சு பொரித்து, வளர்த்து, பறக்கவும் விட்டுவிட்டது.

வாங்கும்போது நான் பார்த்தது வாசல் துளையைத்தான். 32 மில்லிமீட்டர். சிட்டுக்குருவி தாராளமாக நுழையும், மைனாவால் முடியாது. கடைகளில் துளைக்குக் கீழே ஒரு குச்சி செருகி, மஞ்சளும் சிவப்புமாக வண்ணம் அடித்த பெட்டிகளும் கிடைக்கின்றன. அந்தக் குச்சி குருவிக்குத் தேவையே இல்லை. காக்கை வந்து உட்கார்ந்து உள்ளே அலகை விடத்தான் வசதி. தகரப் பெட்டியோ சித்திரை வெயிலில் அடுப்பாகிவிடும். இது கனமான மரப்பலகை, அடியில் தண்ணீர் வடியத் துளைகளும் இருக்கின்றன.

வீடு பார்க்க முதலில் வந்தது ஆண், கழுத்தில் கறுப்புத் திட்டு உள்ளது. பெட்டி மேல் உட்கார்ந்து காலையெல்லாம் ஒரே கத்தல். பெண்ணுக்கும் இடம் பிடித்துப்போக, துடைப்பக் குச்சி, தேங்காய் நார், எங்கிருந்தோ ஒரு புறா இறகு என்று சாமான் இறங்க ஆரம்பித்தது. "வாடகை வேண்டாம், அட்வான்ஸாவது கேளு" என்றார் மாமியார்.

அடைகாப்பது 11 முதல் 14 நாள். அந்தச் சமயத்தில் பார்க்க ஒன்றும் இருக்காது, பொறுமை வேண்டும். குஞ்சு பொரித்த பிறகுதான் வேடிக்கை. நான் வைத்த நொய்யைப் பெரியவை மட்டும் தின்றன. குஞ்சுக்குப் பெரும்பாலும் புழு பூச்சிதான். எங்கள் கறிவேப்பிலைத் தொட்டியில் இருந்த பச்சைப் புழுக்கள் ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் போயின. தொட்டிக்கு மருந்து அடிக்கும் வீட்டில் இது நடக்காது. குஞ்சின் எச்சம் வெள்ளைப் பையாக வரும், அதைத் தாயும் தகப்பனும் அலகில் கவ்வி வெளியே கொண்டுபோய்ப் போடும். துணிக்கொடியில் போடாதவரை பாராட்டலாம்.

இரண்டு வாரத்தில் குஞ்சு வாசலுக்கு வந்து, மஞ்சள் வாயோரத்தோடு தெருவை எட்டிப் பார்க்க ஆரம்பித்தது. பறந்த பிறகும் விடவில்லை. கம்பியில் உட்கார்ந்து இறக்கையைப் படபடவென்று அடித்து ஊட்டச் சொல்லும். தகப்பன்தான் அதிகம் அலைந்தது.

ஒரு ஸ்டார் குறைத்தது மூடிக்காக. தாழ்ப்பாள் இல்லை, காற்றில் தூக்கியடிக்கிறது. கட்டுக்கம்பியால் கட்டிவிட்டேன். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் எப்படியும் கட்டத்தான் வேண்டும், குஞ்சு இருக்கும்போது திறந்து பார்க்கக் கூடாது. கூடவே வந்த தொங்கும் சங்கிலியும் வீண். ஆடாமல் சுவரில் ஸ்க்ரூ போட்டு முடுக்குங்கள், மின்விசிறி சுற்றும் அறைப் பக்கம் வேண்டாம்.

அப்புறம், எங்கள் தெருமுனையில் அரிசிக் கடை இருக்கிறது, குருவிகள் ஏற்கெனவே அங்கே உண்டு. குருவிச் சத்தமே கேட்காத தெருவில் இருப்பவர்கள் இதை வாங்கி மாட்டிவிட்டு, ஒன்றும் வரவில்லை என்று ஒரு ஸ்டார் போடாதீர்கள்.