படகுக்கு ஃபோகஸ் லைட் மாட்டுகிறீர்களா? பணம் கொடுக்கும் முன் பாருங்கள்

28 அடி ஃபைபர் படகின் அணியத்தில் (முன் முனையில்) ஃபோகஸ் லைட் மாட்ட, கடைக்காரரே ஆள் அனுப்பி வேலையை முடித்தார். லைட், கூலி சேர்த்து 6,500 ரூபாய். இரண்டே மாதத்தில் வெளிச்சம் மங்கியது, விட்டுவிட்டு எரிந்தது. ஒரு நாள் இரவு முகத்துவாரத்தில் நுழையும் நேரம் பார்த்து அணைந்தேபோனது. அலை உடையும் இடத்தில் இருட்டு என்றால் என்ன ஆகும் என்று கடலுக்குப் போகிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பெட்டியில் போட்டிருந்தது 300 வாட்ஸ். ஒயரைக் கவ்விக் கரன்ட்டை அளக்கும் டிசி கிளாம்ப் மீட்டர் காட்டியது 3.2 ஆம்பியர். பேட்டரியின் 12.6 வோல்ட்டால் பெருக்கினால் 40 வாட்ஸ்தான். நிஜமான 300 வாட்ஸ் என்றால் 24 ஆம்பியர் இழுக்கும். கடையிலேயே பேட்டரியில் கொடுத்து ஆம்பியர் பாருங்கள். ஏசி மட்டும் அளக்கும் கிளாம்ப் மீட்டர் இதற்கு உதவாது.

ஒயரில்தான் பெரிய மோசடி. வீட்டு டேபிள் ஃபேனுக்குப் போடும் 0.75 சதுர மிமீ ஒயரை 7 மீட்டர் இழுத்திருந்தார்கள். போக, வர 14 மீட்டர். நல்ல 100 வாட்ஸ் லைட் 8 ஆம்பியர் இழுத்தால், இந்த ஒயரில் கிட்டத்தட்ட 3 வோல்ட் வழியிலேயே போய்விடும். 6 சதுர மிமீ போட்டால் இழப்பு 0.4 வோல்ட்டுக்குள் நிற்கும். வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியாகக் கேட்டு வாங்குங்கள். ஜாயின்ட்டைப் பிரித்தபோது, கையால் முறுக்கி டேப் சுற்றிய இடத்தில் கம்பி முழுக்கப் பச்சைக் களிம்பு, தொட்டதும் உதிர்ந்தது. கிரிம்ப் செய்து (உலோகக் குழலில் கம்பியை வைத்து நசுக்கி இறுக்கி), உள்ளே பசை உள்ள, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டிருக்க வேண்டும். ஃப்யூஸ் அறவே இல்லை. 100 வாட்ஸுக்கு 15 ஆம்பியர் ஃப்யூஸ், பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். லைட் பக்கத்தில் போட்டால், நடுவில் ஒயர் உரசி ஷார்ட் ஆகும்போது அது காப்பாற்றாது.

பிராக்கெட்டை நான்கு ஸ்க்ரூவில் நிறுத்தியிருந்தார்கள். அலை அடிக்க அடிக்க ஓட்டை பெரிதாகி, தளத்துக்கு அடியில் உள்ள பிளைவுட்டில் தண்ணீர் இறங்கிவிட்டது. 316 தர எஸ்.எஸ். போல்ட்டை ஊடுருவப் போட்டு, அடியில் பட்டைத் தகடு வைத்து, கடலுக்கான பாலியூரிதேன் சீலன்ட் பூச வேண்டும். பிராக்கெட் அலுமினியம் என்றால் போல்ட்டுக்கு நைலான் வாஷர் கட்டாயம். இல்லாவிட்டால் உப்பில் அலுமினியம் வெள்ளைப் பொடியாய் அரிக்கும்.

வைத்த இடமும் தப்பு. வெளிச்சம் வெள்ளைத் தளத்தில் பட்டு, படகு ஓட்டுகிறவர் கண்ணைக் கூசியது. அணியத்தின் விளிம்பைத் தாண்டி ஒளி விழவேண்டும். விஎச்எஃப் ரேடியோ இருந்தால் 16-ஆம் சேனலைத் திறந்து வைத்து லைட்டைப் போடுங்கள். இரைச்சல் கூடினால் லைட்டின் டிரைவர் (உள்ளே கரன்ட்டைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்) மட்டம், அங்கேயே திருப்பிக் கொடுங்கள். படகின் இடது சிவப்பு, வலது பச்சை அடையாள விளக்குகளை ஃபோகஸ் லைட் மறைக்கக்கூடாது, எதிரே வரும் படகின் மேலும் அடிக்கக்கூடாது.

கூடவே, மீனைக் கூட்ட, தண்ணீரைப் பார்த்தபடி இரண்டு எல்இடி மாட்டலாம் என்றும் சொன்னார்கள். எல்இடி வெளிச்சத்தில் மீன் பிடிப்பதை 2017-லேயே மத்திய அரசு தடை செய்துவிட்டது. மாட்டினால் வழக்கு உங்கள் மேல்தான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்குக் கடையில் கிடைத்த பதில்: "உப்புத்தண்ணி பட்டா வாரன்ட்டி கிடையாது." படகுக்கென்று சொல்லி விற்ற லைட் அது. பில்லில் "படகில் பயன்படுத்த" என்று எழுதி வாங்கிய பிறகே பணத்தைக் கொடுங்கள்.