ஆசிட் லைனில் மேக்னட்டிக் டிரைவ் பம்ப்: சில வருட அனுபவம்

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் கழிவுநீர்ச் சுத்திகரிப்புப் பிரிவில் பராமரிப்பு வேலை என்னுடையது. பருத்தித் துணிக்குச் சாயம் பிடிக்க சோடா ஆஷ் போடுவதால் கழிவுநீர் காரமாகத்தான் வந்து சேரும். அதைச் சமன்படுத்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட், நிறத்தை எடுக்க ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட்), பிளீச்சிங் பக்கத்துக்குக் காஸ்டிக் சோடா என்று மூன்றையும் ஓயாமல் பம்ப் செய்தாக வேண்டும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் பட்டறைகள் மூடப்பட்ட பிறகு, கழிவுநீரை வெளியே விடவே கூடாது என்பதில் இந்த ஊருக்கு விட்டுக்கொடுப்பு இல்லை. சுத்திகரிப்பு நின்றால் பட்டறையும் நிற்கும்.

முன்பு இருந்தவை மெக்கானிக்கல் சீல் போட்ட பம்புகள். சுற்றும் ஷாஃப்ட் (தண்டு) பம்பின் கேசிங்கை (வெளிக்கூட்டை) விட்டு வெளியே வரும் இடத்தில் திரவம் கசியாமல் அடைப்பதுதான் இந்த சீல். சீல் முகத்தில் சின்னத் தூசி சிக்கினால் போதும், கசிவு ஆரம்பித்துவிடும். ஆசிட் ஷாஃப்ட் ஓரமாக மோட்டார் பக்கம் இறங்கும். பேஸ் பிரேம் துருவேறி ஏடு ஏடாக உதிரும், டெர்மினல் பாக்ஸைத் திறந்தால் செம்பெல்லாம் பச்சை பூத்திருக்கும். கிட்டப் போனாலே கண் எரியும். சீல் மாற்றப் போகும் ஃபிட்டரின் கையையும் முகத்தையும் நினைத்துத்தான் மாற்று வழி தேடினோம்.

மேக்னட்டிக் டிரைவ் பம்பில் ஷாஃப்ட் கேசிங்கைத் தாண்டி வெளியே வருவதில்லை. மோட்டாரோடு ஒரு காந்த வளையம் சுற்றும். உள்ளே திரவத்தைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரோடு இணைந்த, பிளாஸ்டிக்கால் மூடிய இன்னொரு காந்தம் அதன் இழுப்பிலேயே கூடச் சுற்றும். இரண்டுக்கும் நடுவில் திரவத்தை அடைத்து நிற்கும் பின்பக்கக் கூடு, அதாவது ரியர் கேசிங். சீலே இல்லாததால் சீல் கசிவும் இல்லை. மாட்டிய நாளிலிருந்து ஆசிட் பம்புக்குக் கீழே தரை காய்ந்தே கிடக்கிறது. இந்த ஒன்றுக்காகவே கூடுதல் விலை தகும் என்பேன்.

ஆனால் இந்த வகைப் பம்புக்கு ஆகவே ஆகாதது வறண்டு ஓடுவது. உள்ளிருக்கும் பேரிங்குக்கு எண்ணெயும் கிரீஸும் கிடையாது. பம்ப் செய்யும் திரவமேதான் அதற்கு உயவும் குளிர்ச்சியும். ஒரு நைட் ஷிப்டில் ஆசிட் டேங்க் காலியானது தெரியாமல் பம்ப் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. காலையில் கழற்றிப் பார்த்தால் செராமிக் ஷாஃப்ட் இரண்டு துண்டு, பிபி (பாலிபுரோப்பிலீன்) பிளாஸ்டிக் ரியர் கேசிங் உருகி உள்பக்கமாகக் குழிந்து இம்பெல்லர் காந்தத்தோடு ஒட்டியிருந்தது. சீல் பம்ப் கெட ஆரம்பித்தால் சொட்டுச் சொட்டாகக் காட்டிக்கொடுக்கும், நமக்கும் ஒன்றிரண்டு நாள் கிடைக்கும். இது அப்படி எதுவும் காட்டாது. திரவம் இல்லாதபோது மோட்டார் இழுக்கும் ஆம்பியர் குறைவதால், ஆம்பியர் அளவு மீறினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலேவும் டிரிப் ஆகாது. லோடு குறைந்தால் டிரிப் ஆகும் தனி ரிலேயும், டேங்கில் லெவல் சுவிட்சும் போட்ட பிறகுதான் நிம்மதி வந்தது. புதிதாக வாங்குகிறவர்கள் பம்போடு சேர்த்தே இந்த ரிலேவையும் பில்லில் போடச் சொல்லுங்கள்.

ஹைப்போ லைனில் வேறு தலைவலி. வெயில் ஏற ஏற ஹைப்போ சிதைந்து ஆக்சிஜன் குமிழி விடும். நின்றிருக்கும் பம்பில் அந்த வாயு சேர்ந்துகொண்டால், ஸ்டார்ட் செய்ததும் திரவம் பிடிக்காமல் வெறுமனே சுற்றும். பம்பை டேங்க் மட்டத்துக்குக் கீழே இறக்கி வைத்து, டெலிவரி (வெளியேறும்) குழாயிலிருந்து வாயு டேங்குக்கே திரும்பிப் போக மெல்லிய குழாய் ஒன்று போட்டதும் சரியானது. இன்னொன்று, உள்ளே துளையிட்ட பந்தைத் திருப்பி மூடும் சாதாரண பால் (ball) வால்வை மூடினால் பந்துக்குள் அடைபடும் ஹைப்போ, வாயு அழுத்தத்தில் வால்வையே வெடிக்க வைக்கும். பந்தில் டேங்க் பக்கமாக வாயு வெளியேறத் துளை உள்ள வால்வாகக் கேட்டு வாங்க வேண்டும்.

காஸ்டிக் பம்பில் விற்றவர்கள் தவறாக ‘விட்டான்’ (Viton) என்ற ரப்பர் வகையில் செய்த ஓ-ரிங் (அடைப்பு வளையம்) போட்டு அனுப்பிவிட்டார்கள். கொஞ்ச நாளிலேயே அது கெட்டுப்போய்க் கேசிங் ஜாயின்ட்டில் ஒழுகியது. காஸ்டிக்குக்கு இபிடிஎம் (EPDM) ரப்பர்தான் சரி, ஆசிட்டுக்குத்தான் ‘விட்டான்’. அப்புறம் அடர்த்தியையும் ஆர்டரில் எழுதிக் கொடுங்கள். 48 சதவீதக் காஸ்டிக் தண்ணீரைப் போல ஒன்றரை மடங்கு கனம். தண்ணீருக்குக் கணக்குப் போட்ட மோட்டார் திணறும், காந்தப் பிடி விட்டுப்போய் மோட்டார் மட்டும் தனியாகச் சுற்றும். அப்படியே ஓடவிட்டால் சூடேறிக் காந்தமும் சக்தி இழக்கும்.

எங்கள் காஸ்டிக் டேங்க் இரும்பு. அதிலிருந்து வரும் துருப்பொடி உள்காந்தத்தில் கறுப்பாகத் தாடி மாதிரி அப்பிக்கொள்ளும். சர்வீஸின்போது அதைத் துணியால் துடைத்து எடுக்காமல் மாட்டினால் ரியர் கேசிங்கை உரசித் தின்றுவிடும்.

கழற்றி மாட்டும் வேலையை அனுபவம் உள்ளவரிடம் மட்டும் கொடுங்கள். இரண்டு காந்தமும் நெருங்கும்போது படாரென்று இழுத்துக்கொள்ளும், நடுவில் விரல் மாட்டினால் நசுங்கிவிடும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களை அந்தப் பக்கமே விடக்கூடாது.

சுண்ணாம்புக் கரைசலுக்கும் சேற்றுக்கும் இதை நாங்கள் போடவில்லை, போடவும் மாட்டோம். பேரிங் இடுக்கில் துகள் புகுந்தால் அதோடு கதை முடிந்தது. அந்த லைன்களில் பழைய சீல் பம்புகளே ஓடுகின்றன.