ஒரே தோள்பையில் இரண்டு லென்ஸ் குடும்பங்கள்

ஒளியைப் பதிவு செய்யும் சென்சார் சிறியதாக உள்ள மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கேமராவை ஏழு ஆண்டுகளாகவும், அதன் கூடவே பெரிய சென்சார் கொண்ட நிக்கானின் ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் கேமராவை நான்கு ஆண்டுகளாகவும் பயன்படுத்தி வருகிறேன். சிறிய சென்சார் சுமையைக் குறைக்கும், பெரிய சென்சார் படத்தை மேம்படுத்தும் என்ற பொதுக் கணக்கை நம்பித்தான் இரண்டையும் வாங்கினேன். அந்தக் கணக்கு பாதிதான் சரி என்பது லென்ஸ்களை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்துப் பார்த்த பிறகே புரிந்தது.

மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சாரின் அளவு 17.3 × 13 மி.மீ.; ஃபுல் ஃப்ரேமுக்கு 36 × 24 மி.மீ. முதலாவதில் 25 மி.மீ. லென்ஸ் தரும் பார்வைக் கோணத்தை இரண்டாவதில் 50 மி.மீ. லென்ஸ் தருகிறது. இதை எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் லென்ஸ் துளையைக் குறிக்கும் எஃப் எண்ணையும் (எண் கூடினால் துளை சிறிது) அதே இரண்டால் பெருக்கிப் பார்க்க வேண்டும் என்பதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். எஃப் 2.8 என்று வைத்தால் எக்ஸ்போஷர், அதாவது படத்தின் வெளிச்ச அளவு, இரண்டிலும் ஒன்றுதான். எனினும் சிறிய சென்சாரின் பரப்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே என்பதால், அது திரட்டும் மொத்த ஒளியும் அந்த அளவுக்குக் குறைகிறது. எனவே இரைச்சலிலும் (படத்தில் தெரியும் புள்ளிகள்) புலத்தின் ஆழத்திலும் (தெளிவாகத் தெரியும் தூர அளவு) அந்தப் படம் ஃபுல் ஃப்ரேமில் எஃப் 5.6 வைத்து எடுத்த படத்தையே ஒத்திருக்கும்.

இந்தப் பெருக்கலைச் செய்த பிறகு என் பையில் முதலில் மதிப்பிழந்தது, நான் மிகவும் நேசித்த ஒலிம்பஸ் 12-40 மி.மீ. எஃப் 2.8 ஜூம். 382 கிராம் எடையில் மிக நேர்த்தியாகச் செய்யப்பட்ட லென்ஸ் அது. மழைத் தூறலில் கூட அச்சமின்றி எடுத்திருக்கிறேன். ஆனால் ஃபுல் ஃப்ரேம் கணக்கில் அது 24-80 மி.மீ. எஃப் 5.6. நிக்கான் இசட் 24-70 மி.மீ. எஃப் 4 லென்ஸோ சுமார் 500 கிராம்தான். தொலைமுனையில் சற்றுக் குறைந்தாலும், 118 கிராம் கூடுதல் சுமைக்கு ஒரு ஸ்டாப் கூடுதலாக, அதாவது இரண்டு மடங்கு ஒளி கிடைக்கிறது. மங்கிய மாலை வெளிச்சத்தில் ஓடியாடும் குழந்தைகளை எடுக்கும்போது அந்த ஒரு ஸ்டாப் என்ன செய்யும் என்பதைக் கண்ணாலேயே காணலாம். நடுத்தரக் குவியத்தூரங்களுக்கு, அதிலும் ஜூம் லென்ஸுக்கு, இன்று நான் தயங்காமல் ஃபுல் ஃப்ரேமையே எடுப்பேன். சிறிய கேமராவில் விலை உயர்ந்த எஃப் 2.8 ஜூமைப் பூட்டுவது, எடை குறைக்க வந்தவர் தலையில் மீண்டும் மூட்டையை ஏற்றுவது போன்றது என்று தோன்றுகிறது.

ஜூம் செய்ய முடியாத, சிறிய பிரைம் லென்ஸ்களில் நிலைமை வேறு. ஒலிம்பஸ் 45 மி.மீ. எஃப் 1.8 வெறும் 116 கிராம். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடக்கலாம். பின்னணி முற்றிலும் கரைந்துபோக வேண்டும் என்பவருக்கு அது போதாது. முகமும் சூழலும் சேர்ந்து தெரிய வேண்டும் என்பவருக்கு அதுவே தாராளம்.

பறவைகளுக்காகச் சிறிய கேமராவுடன் எடுத்துச் செல்லும் ஒலிம்பஸ் 300 மி.மீ. எஃப் 4 லென்ஸ், முக்காலிப் பட்டையைக் கழற்றிவிட்டால் 1,270 கிராம். பார்வைக் கோணத்தில் அதற்கு நிகராக நிற்கும் நிக்கான் 180-600 மி.மீ. ஜூம் ஏறத்தாழ 2 கிலோ. 600 மி.மீ. முனையில் அதன் எஃப் 6.3 துளை, என்னுடைய லென்ஸின் ‘எஃப் 8’ கணக்கைவிடச் சற்று முன்னே நிற்பதை மறுக்கவில்லை. ஆயினும் காலை முழுவதும் கையிலேயே ஏந்தி நடப்பவருக்கு முக்கால் கிலோ என்பது படம் எடுப்பதா, திரும்பிவிடுவதா என்பதைத் தீர்மானிக்கும் எடை.

மிக அருகிலிருந்து சிறு பொருள்களை எடுக்கும் மேக்ரோவும் அப்படியே. சிறிய சென்சாரில் புலத்தின் ஆழம் இலவசமாகக் கிடைக்கிறது என்பார்கள், அது சரியன்று. ஃபுல் ஃப்ரேமில் துளையை இரண்டு ஸ்டாப் சுருக்கி, ஐஎஸ்ஓ என்னும் ஒளியுணர்திறன் அளவை நான்கு மடங்காக்கினால் ஏறத்தாழ அதே படம் வந்துவிடும். உண்மையான வேறுபாடு எடையில்தான் இருக்கிறது: ஒலிம்பஸ் 60 மி.மீ. மேக்ரோ 185 கிராம், நிக்கான் 105 மி.மீ. மேக்ரோ 630 கிராம்.

லென்ஸைக் கேமராவில் பூட்டும் மவுன்ட் விஷயத்தில் ஒரு தவறு செய்தேன். என் நிக்கானின் இசட் மவுன்ட்டில் பொருந்துகிறதே என்று சிறிய சென்சாருக்கான டிஎக்ஸ் லென்ஸ் ஒன்றை வாங்கினேன். அதைப் பூட்டியதும் கேமரா படத்தைத் தானாகவே வெட்டியது; 24 மெகாபிக்சல் சுமார் 10 ஆகச் சுருங்கியது. நிக்கானின் பழைய எஃப் மவுன்ட் லென்ஸ்களை, அவற்றை இசட் மவுன்ட்டில் பொருத்த உதவும் எஃப்டிஇசட் அடாப்டரில் பூட்ட எண்ணுபவர்களும் கவனிக்க வேண்டும்: ஃபோகஸ் மோட்டார் இல்லாத ஏஎஃப்-டி வகை லென்ஸ்களில் ஆட்டோஃபோகஸ் இயங்காது, கையால்தான் திருக வேண்டும்.

12-40 ஜூமைச் சென்ற ஆண்டு விற்றுவிட்டேன். இப்போது பையில் நிக்கானுடன் 24-70 ஒன்று மட்டும். சிறிய கேமராவுடன் 45, 60, 300 என மூன்று.